சின்ன ஜீனோம் என்றாலே சிக்கனமா?

நுண்ணுயிர்களின் ஜீனோம் பற்றிப் படிக்கிறவர்கள் ஒரு வரைபடத்தை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். ஒரு முனையில் மண்ணில் வாழும் சொராஞ்சியம்: 130 லட்சம் எழுத்துகள், அதில் ஜி, சி இரண்டும் சேர்ந்து 71 சதவீதம். மறுமுனையில் கடலில் மிதக்கும் பெலாஜிபாக்டர்: 13 லட்சம் எழுத்துகள், ஜிசி 30 சதவீதம். அதற்கும் கீழே அசுவினிப் பூச்சியின் செல்லுக்குள் குடியிருக்கும் புக்னெரா: 6.4 லட்சம், ஜிசி 26 சதவீதம். கூடவே ஒரு விளக்கமும் வரும்: மாறாத இடத்தில் வாழும் உயிர் தேவையில்லாததைக் கழித்துக்கட்டிச் சிக்கனமாகிவிடுகிறது.

எண்கள் சரிதான். அந்த "சிக்கனம்" என்ற வார்த்தைதான் எனக்கு இடிக்கிறது. ஏன் என்று காட்ட நம்ம ஊர் உதாரணமே இருக்கு.

தொழுநோய்க் கிருமியின் முழு ஜீனோம் 2001-ல் நேச்சர் இதழில் வெளியானது. வரிசைப்படுத்திய கிருமிக்குப் பெயர் டிஎன். தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்தது என்பதால் அந்தப் பெயர். நீளம் 32.68 லட்சம் எழுத்துகள். இதன் உறவான காசநோய்க் கிருமிக்கு 44.11 லட்சம். நீளத்தை மட்டும் பார்த்தால் கால்வாசி குறைந்திருக்கு, அவ்வளவுதான். உள்ளே போனால்தான் அதிர்ச்சி. காசநோய்க் கிருமியில் வேலை செய்யும் ஜீன்கள் 4,000-க்குப் பக்கம், இதில் 1,604. இன்னொரு 1,116 ஜீன்கள் செத்து, ஆனால் அகற்றப்படாமல் அப்படியே கிடக்கின்றன.

இதுவா சிக்கனம்? பழைய மென்பொருளில் யாரும் கூப்பிடாத ஃபங்ஷன்கள் கிடக்குமே, அந்த மாதிரி. மனித உடலுக்குள் பல ஜீன்கள் தேவைப்படாமல் போனபோது, அவை பழுதானாலும் கிருமிக்கு உடனடி நஷ்டமில்லை. நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்போது சில கிருமிகளே தாண்டுகின்றன. இவ்வளவு சின்னக் கூட்டத்தில் இயற்கைத் தேர்வின் பிடி தளரும். லேசாகக் கெடுதல் செய்யும் பழுதும் தங்கிவிடும். சி எழுத்து டி-யாக மாறும் பிழை சகஜம் என்பதால் ஜிசியும் இறங்கும். காசநோய்க் கிருமியில் 65.6; இதில் 57.8.

பெலாஜிபாக்டர் கதை நேர் எதிர். கடலில் அதன் கூட்டம் கணக்கிலடங்காதது, தேர்வின் பிடியும் இறுக்கம். நைட்ரஜன் பற்றாக்குறை வேறு. ஜி-சி ஜோடிக்கு 8 நைட்ரஜன் அணு வேண்டும், ஏ-டி ஜோடிக்கு 7 போதும். அதில் செத்த ஜீன்களே தென்படவில்லை. அது உண்மையான சிக்கனம். தொழுநோய்க் கிருமியிலும் புக்னெராவிலும் நடந்தது இழப்பு. வரைபடத்தில் எல்லாம் ஒரே திசைதான். காரணம் வேறு வேறு.

இது வெறும் வார்த்தைச் சண்டை இல்லை. 1873-ல் ஹான்சன் இந்தக் கிருமியைக் கண்டார். இன்றுவரை அதை ஆய்வகத் தட்டில் வளர்க்க முடியவில்லை. எலியின் பாதமோ ஆர்மடில்லோவோ வேண்டும். இரண்டாகப் பெருகவே சுமார் 14 நாள். கச்சிதமான உயிர் என்று நினைத்தால் இந்தத் தடுமாற்றம் புரியாது. எதையெல்லாம் தொலைத்தது என்று கேட்டால்தான் அதற்கு என்ன ஊட்ட வேண்டும், எந்த மருந்து எங்கே தாக்கும் என்ற கேள்விகளே பிறக்கும்.

அந்த 2001 கட்டுரையின் தலைப்பிலேயே ஜீன்களின் "சிதைவு" என்றுதான் போட்டார்கள். சரியான சொல். அடுத்த முறை அந்த வரைபடத்தைப் பார்த்தால், அளவோடு நிறுத்தாமல் எத்தனை ஜீன் உயிரோடு இருக்கு என்றும் கேளுங்க.