முடிவறிந்த கூத்தும் முடிவறியா ஆட்டமும்

நாடகத்தைக் காண்பவன் ஒருவன், நடிப்பவன் வேறொருவன். இவ்வேறுபாடு அழியுமிடத்தில் கதைக்கும் ஆட்டத்துக்கும் உள்ள உறவு யாது என்பது ஆராயத்தக்கது.

நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களில் மாசித் திங்களில் நிகழும் காமன் கூத்து இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. காமன் பொட்டலிற் கம்பம் ஊன்றிய நாள் முதலாகத் தோட்டமே அரங்காகின்றது. தப்பு முழங்க ரதியும் மதனும் லயந்தோறும் ஆடிவருவர். அவர்தம் மணத்துக்கு ஊரே சுற்றம். மதன் எரிந்தபின் ரதியின் ஒப்பாரிக்கும் ஊரே துணை. சிவனுடைய நெற்றிக்கண் திறக்கும் என்பதைச் சிறுவரும் அறிவர். அறிந்தும் ஆண்டுதோறும் அழுகின்றனர்.

இக்காலத்தில் தோன்றிய நாடக வீடியோ விளையாட்டும் இவ்வினாவையே எழுப்புகின்றது. டேவிட் கேஜ் எழுதி இயக்க, பிரான்சின் குவாண்டிக் டிரீம் நிறுவனம் ஆக்கி, 2010ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹெவி ரெயின்' அவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. ஈதன் மார்ஸ் என்னும் தந்தை, கடத்தப்பட்ட தன் மைந்தனைத் தேடுகின்றான். அவனுக்கு விதிக்கப்படும் சோதனைகளுள் ஒன்று தன் விரலைத் தானே வெட்டுதல். ஆடுபவன் அதனைச் செய்யலாம், மறுத்தும் செல்லலாம். செய்வதாயின் தன் கைக்கருவியை அசைத்தே செய்தல் வேண்டும். கண்ட துன்பம் செய்த துன்பமாக மாறும் அவ்விடமே இவ்வாக்கத்தின் வெற்றி.

எனினும் எல்லாம் ஆடுபவன் வசத்தில் இல்லை. தொடக்கத்தில் மூத்த மகன் ஜேசன் கூட்டத்திற் காணாமற் போகின்றான். எத்துணை விரைந்து தேடினும் அவன் இறப்பது உறுதி. இது குறையன்று, மதன் எரிவதும் அத்தகையதே. குறை வேறிடத்தில் உள்ளது. ஆடுபவன் இயக்கும் நால்வருள் ஒருவனே கொலைஞன். அவனுடைய எண்ணங்களைக் கேட்க வழிசெய்துவிட்டு, முதன்மையான எண்ணத்தை மட்டும் மறைப்பது முறையாகுமா? கைகொடுத்து உடன் நடந்தவனையே கதை ஏமாற்றிவிடுகின்றது. திடுக்கீட்டின் பொருட்டு நம்பிக்கையை விற்ற செயல் இது.

காமன் கூத்தில் அத்தகைய ஒளிவு இல்லை. தஞ்சைப் பகுதியின் காமன் பண்டிகையில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என இருதிறத்தார் லாவணி பாடி வாதிடுவதுண்டு. அங்கும் வாதம் யாவரும் அறிந்த கதையின்மீதே நிகழ்கின்றது.

முடிவை மாற்றும் உரிமையே பங்கேற்பு எனக் கருதுவோர் இதனைச் சிந்தித்தல் நன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கடல்கடந்து வந்து, தம் வாழ்வின் முடிவுகளைப் பிறர் எழுதக் கண்ட மக்களின் வழியினர் போற்றிய கலை இது. மதன் எரிவதை அவர்களால் தடுக்க இயலாது; ரதி தனித்தழுவதைத் தடுக்க இயலும். ஆட்டத்துக்கும் கதைக்கும் இடையே இருக்கவேண்டிய நேர்மை அதுவேயாம்.