ராஸ்ப்பெரி பை – ஒரு மதிப்பீடு

2012 பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த ராஸ்ப்பெரி பை என்னும் கணிப்பொறியைப் பற்றி வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சீட்டுக்கட்டு அளவே உள்ள ஒரு பலகை. அன்றைய விலை 35 டாலர். கேம்பிரிட்ஜில் கணிப்பொறியியல் பயில விண்ணப்பிப்போரின் எண்ணிக்கையும், நிரல் எழுதும் பழக்கமும் குறைந்து வருவதைக் கண்ட எபன் அப்டனும் அவருடைய தோழர்களும், இளைஞர் அஞ்சாமல் கையாளத்தக்க மலிவான கருவி வேண்டுமென்று கருதினர். 1981இல் வெளியான பி.பி.சி. மைக்ரோ என்ற பள்ளிக் கணிப்பொறியைப் பின்பற்றி மாதிரிகளுக்கு ‘ஏ’, ‘பி’ என்றே பெயரிட்டனர்.

நோக்கம் நன்று. பலகையின் ஓரத்தில் நிற்கும் ஊசிகளில் கம்பியைச் செருகி, ஒரு விளக்கை நாமே எழுதிய நிரலால் எரியவிடலாம். இதற்காகவே இக்கருவிக்கு ஆய்வகத்தில் இடம் தரலாம். ஆயினும் மாறிக்கொண்டே இருக்கும் மின்னழுத்தத்தை இவ்வூசிகள் நேரடியாக அளக்க மாட்டா. அதற்கென ஒரு சில்லைத் தனியே சேர்க்கவேண்டும். இயற்பியல் ஆசிரியனுக்கு இது சிறு குறையன்று!

இப்போது பலர் இதை வீட்டுச் சர்வராக அமைக்கின்றனர். இரவும் பகலும் ஓடி, வீட்டிலுள்ள பிற கருவிகளுக்குக் கோப்புகளை வழங்குவதே சர்வர். குடும்பப் புகைப்படங்கள் எங்கோ ஒரு நிறுவனத்தின் வட்டில் கிடவாமல் நம் வீட்டிலேயே இருக்கும். டெபியனை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் இயக்குதளம் இலவசமாகவே கிடைக்கிறது. ‘அட்டையில் பதியுங்கள், செருகுங்கள், முடிந்தது’ என்று வழிகாட்டிகள் கூறுகின்றன. முடியவில்லை, அங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

அந்த நினைவு அட்டையைப் பாருங்கள். மின்கடத்தாச் சுவர் சூழ்ந்த நுண்ணறைகளில் எலெக்ட்ரான்களைச் சிறைவைப்பதே அதில் எழுதுவது. எலெக்ட்ரான்கள் சுவரையே துளைத்துச் செல்கின்றன (ஆல்ஃபா துகள் அணுக்கருவை விட்டு வெளியேறுவதும் இவ்விதமே). ஒவ்வொரு முறை அழித்தெழுதும்போதும் சுவர் சிறிது நலிகிறது. சர்வரோ ஓயாமல் குறிப்பெழுதும் இயல்புடையது. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால் கோப்புகள் குலையலாம். மின்வெட்டு நம் வாசகர்களுக்குப் புதிதா என்ன? புகைப்படங்களைத் தனி வட்டில் வையுங்கள். வேறோர் இடத்தில் இன்னொரு படியும் இருக்கட்டும்.

அடுத்தது கடிகாரம். கைக்கடிகாரத்திலுள்ள குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதைப் பாதி பாதியாக 15 முறை வகுத்தால் வினாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். சாதாரண மேசைக் கணிப்பொறியில் இத்தகைய கடிகாரமும், மின்சாரம் இல்லாதபோது அதை ஓட்ட ஒரு சிறு மின்கலமும் உண்டு. ராஸ்ப்பெரி பை முதல் பலகையிலிருந்து நான்காம் தலைமுறை வரை இது இல்லை. நேரத்தை வலைப்பின்னல் வழியாகக் கேட்டறிய வேண்டும். மின்சாரமும் இணைப்பும் சேர்ந்து போய், மின்சாரம் மட்டும் திரும்பினால், அட்டையில் கடைசியாகக் குறித்த நேரத்திலிருந்தே அது எண்ணத் தொடங்கும். நீங்கள் இரவு முழுவதும் பதிவுசெய்த வெப்பநிலை அட்டவணையின் கதி என்னாகும்? 2023இல் வந்த ஐந்தாம் தலைமுறையில்தான் கடிகாரம் சேர்ந்தது. அதற்கும் மின்கலத்தைத் தனியே வாங்கவேண்டும்.

இயக்குதளத்தின் மூல நிரலை எவரும் படிக்கலாம். ஆனால் முதற்பலகையில் மின்சாரம் பாய்ந்ததும் விழிப்பது, படங்களை வரையும் பகுதி. அது ஏற்றும் துவக்க நிரல் மூலமின்றியே தரப்படுகிறது. பின்வந்த பலகைகளிலும் துவக்க நிரல் மூடியே இருக்கிறது. மாணவர் கருவியில் முதல் பக்கத்தையே ஒட்டி வைத்தது எனக்கு உடன்பாடில்லை.

பழைய மேசைக் கணிப்பொறி வீட்டில் இருப்பின், அதிலும் டெபியன் ஓடும்; வட்டும் கடிகாரமும் உண்டு. பழகுவதற்கு அதுவே மேல் என்பேன். ஆனால் அது 60 வாட் இழுப்பதாகக் கொண்டால், ஓயாமல் ஓடி இரண்டு மாதத்தில் 86 யூனிட் செலவாகும். ராஸ்ப்பெரி பைக்கு 5 வாட் எனில் 7 யூனிட்டே. நாள் முழுதும் ஓடும் சர்வருக்கு இவ்வேற்றுமையை ஒதுக்கமுடியாது. வாங்குமுன், மின்வழங்கி, அட்டை, வட்டு ஆகியவற்றின் விலையையும் கூட்டிப் பாருங்கள். விளம்பர விலையில் அவை அடங்கா.