இரண்டு பார் முன்னால் ஒரு பார்வை

ரேணிகுண்டா, திருப்பதி கல்லூரி மேடைகளில் ராக் கேட்பவர்களுக்கு அந்த லீட் கிதார்காரரைத் தெரியும். பெயர் சொல்லத் தேவையில்லை. ஸ்டாண்டில் எப்போதும் ஒரு பாட்டுப் புத்தகம் விரிந்திருக்கும். "புத்தகம் இல்லேன்னா இவனுக்குக் கை ஓடாது" என்பதுதான் இந்த வட்டாரத்தின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு தவறு. இங்கே இன்று தெளிவாக யோசித்து வாசிப்பவர்களில் அவரைத்தான் முதலில் வைப்பேன்.

அவருடைய கண்களைக் கவனியுங்கள். ரிஃப் ஓடும்போது அவை புத்தகத்துக்குப் போவதில்லை. சோலோவில் போவதே இல்லை. சரணம் முடிந்து கோரஸ் தொடங்குவதற்கு இரண்டு பார் முன்னால் ஒரே ஒருமுறை போய்த் திரும்புகின்றன. எந்தச் சுரம் என்பது அவர் விரலுக்கு ஏற்கெனவே தெரியும். பாட்டு அடுத்து எங்கே திரும்புகிறது என்பதைத்தான் சரிபார்த்துக்கொள்கிறார். பாடகர் உற்சாகத்தில் கோரஸை இன்னொரு தடவை எடுத்தாலும் அவர் தடுமாறாததற்கு அந்த ஒரு பார்வை காரணம்.

அடுத்தது, எல்லாரும் பிழை என்று சொல்லும் இடம். கிதாரின் முதல் தந்தியைச் சும்மா மீட்டினால் வரும் அதே சுரம், இரண்டாம் தந்தியின் 5-ஆம் ஃப்ரெட்டில் இருக்கிறது; மூன்றாம் தந்தியின் 9-இல் இருக்கிறது; நான்காம் தந்தியின் 14-இலும் இருக்கிறது. ஐந்து கோட்டு நொட்டேஷனை மட்டும் பார்த்தால் எதில் வாசிப்பது என்பது பெரும்பாலும் தெரியாது. தந்தியையும் ஃப்ரெட் எண்ணையும் காட்டும் டேப் அதைச் சொல்லிவிடும். அவருடைய புத்தகம் இரண்டையும் மேலும் கீழுமாக அச்சிட்ட பதிப்பு. டேப் இரண்டாம் தந்தி என்று காட்டும் இடத்தை அவர் மூன்றாம் தந்திக்குக் கொண்டுபோகிறார். தந்தி தடிமனானது, நாதம் கனக்கிறது, பாடகரின் மெல்லிய குரலுக்கு அடியில் ஒரு தாங்கல் கிடைக்கிறது. இரண்டாம் சரணத்திலும் அதே இடத்தில் அதையே செய்கிறார். கை தவறியவர் இரண்டு முறையும் ஒரே மாதிரி தவற மாட்டார். புத்தகத்தில் இருப்பது தெரிந்ததால்தான் அதை அவரால் மாற்ற முடிந்தது.

எல்லாப் புத்தகத்துக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. பியானோ, குரல், கிதார் மூன்றுக்கும் சேர்த்து வரும் தொகுப்புகள் ராக் வாசிப்பவர்களுக்கு அரைகுறை உதவிதான். பாடும் மெட்டு பியானோவின் வலக்கைக்குள் போய்விடும், கிதாருக்கு மேலே கார்ட் படங்கள் மட்டும் மிஞ்சும், பாட்டின் உயிரான ரிஃப் பல நேரம் காணாமல் போகும். வாங்குமுன் முதல் பக்கத்தைப் பாருங்கள். தந்திகளை அரைச் சுரம் இறக்கி வாசித்த பாட்டு என்றால் நல்ல பதிப்பு அதை அங்கேயே சொல்லும். இரண்டு கிதார் இருந்தால் இரண்டையும் தனித்தனியாகத் தரும்.

காதால் பிடித்து வாசிப்பதுதான் ராக் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எழுத்தைத் தாழ்வாக நினைக்க இந்த மண்ணில் இடமில்லை. திருமலைச் செப்பேடுகளில் அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளுக்கு ராகப் பெயர் உண்டு, சுரம் கிடையாது. இருபதாம் நூற்றாண்டு வித்வான்கள் அந்த எழுத்திலிருந்தே புது மெட்டுகளை எழுப்பினார்கள். 1904-இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சான சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' கமகங்களுக்கே குறிகள் போட்டது. பெண்ட், ஸ்லைடு என்று டேப் போடும் குறிகளும் அந்த வழிதான். எத்தனை சுரம் இழுப்பது என்பதைக் குறி சொல்லும். எந்த வேகத்தில் இழுப்பது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். அவருக்கு அந்தக் காதும் இருக்கிறது.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். அடுத்த கல்ச்சுரல்ஸ் சீசனில் பாதி பேண்டுகள் டேப்லெட்டோடு வரும். திரையில் டேப் தானாக நகரும். பாடகர் கூடுதலாக ஒரு கோரஸ் எடுத்ததும் அவை குலையும், ஏனென்றால் திரை யாருக்காகவும் நிற்காது. காகிதத்தில் பென்சிலால் குறித்து வைத்தவர்கள் தப்புவார்கள். தாளைப் பார்த்து வாசிப்பதற்குத் தேர்வே உண்டு: டிரினிட்டி காலேஜ் லண்டன் 2012-இல் ராக் அண்ட் பாப் தேர்வுகளைத் தொடங்கியது. அச்சிட்ட பாட்டோடு, தேர்வறையில் அந்த நேரத்தில் பார்த்து வாசிப்பது அல்லது சொந்தக் கற்பனையில் உருவாக்கி வாசிப்பது என்ற பிரிவும் அதில் உண்டு. அந்த வழியில் தயாரானவர்கள் சென்னை ஸ்டுடியோக்களில் முதலில் இடம்பிடிப்பார்கள். சப்தகிரி எக்ஸ்பிரஸில் அவர்களில் சிலர் ரேணிகுண்டாவிலிருந்து ஏறுவார்கள்.

நம் கிதார்காரர் இந்த ஆண்டுக்குள் பழைய பாட்டுகளுக்குப் புத்தகத்தை மூடிவிடுவார். புதுப் பாட்டுக்கு மட்டும் திறப்பார். அன்றைக்கு எல்லாரும் "இப்பத்தான் தேறினான்" என்பார்கள். மூன்றாம் தந்தியில் அதே சுரம் அதே கனத்தோடு வரும்போது, அவர் முன்பே தேறியவர் என்பது காது உள்ளவர்களுக்குப் புரியும். கல்ச்சுரல்ஸ் போட்டியின் இறுதிச் சுற்றில் நான் அவர் பக்கம்தான்.