பேதிக்கு ரத்தப் பரிசோதனை எதற்கு?

2022 ஜூலை 3 அன்று காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. வாந்தி, பேதியோடு வந்தவர்களின் மாதிரிகள் சிலவற்றில் காலரா உறுதியானது. பள்ளிகளுக்கு மூன்று நாள் விடுமுறை. காலரா பாக்டீரியா என்பதால் மலப் பரிசோதனையில் ஓரிரு நாளில் அகப்பட்டுவிடும். அடுத்த முறை வருவது வைரஸாக இருந்தால், ரத்தத்தில் ஆன்டிபாடி தேடுவது எவ்வளவு உதவும்?

அந்தச் சோதனையின் வரலாறு பெரிது. 1968ல் அமெரிக்காவின் நார்வாக் ஊரில் ஒரு தொடக்கப்பள்ளியில் பாதிப் பேர் வாந்தியில் விழுந்தார்கள். கிருமி எந்த வளர்ப்பிலும் பிடிபடவில்லை. நோயிலிருந்து தேறியவரின் ரத்தச் சீரத்தை மல வடிநீரோடு கலந்து பார்த்தார் வைரஸ் ஆய்வாளர் ஆல்பர்ட் கபிகியன். ஆன்டிபாடிகள் வைரஸ்களைக் கொத்தாகச் சேர்த்துப் பிடிக்க, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 27 நானோமீட்டர் துகள்கள் தெரிந்தன. அது 1972. இன்று நோரோவைரஸ் என்கிறோமே, அதுதான். தில்லியில் 1955-56ல் யமுனை நீரால் பரவிய மஞ்சள் காமாலை ஹெபடைடிஸ் ஏ அல்ல என்பதையும், கால் நூற்றாண்டு கழித்துச் சேமித்து வைத்த சீரமே சொன்னது.

ஆனால் களத்தில்?

காரைக்கால் கோவில்பத்தில் ஒரு விசேஷ வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது பேருக்குப் பேதி என்று வைத்துக்கொள்வோம். நோய் கண்ட முதல் வாரத்தில் ஒரு ரத்தம், மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொன்று எடுக்க வேண்டும்; ஆன்டிபாடி அளவு நான்கு மடங்காவது ஏறியிருந்தால்தான் புதுத் தொற்று என்று சொல்லலாம். நோரோவைரஸ் ஒன்று முதல் மூன்று நாளில் அடங்கிவிடும். கஞ்சி குடித்துவிட்டு வேலைக்குப் போனவர், மாதம் கழித்து ஊசிக்குக் கை நீட்ட வருவாரா? ஒரே ரத்தத்தை நம்பவும் வழியில்லை: பெரியவர்களில் பெரும்பாலோருக்குப் பழைய தொற்றின் ஆன்டிபாடி ஏற்கெனவே இருக்கும். வைரஸின் மரபணு வகையையும் அது சொல்லாது. வகை தெரியாமல் நோயாளியையும் குடிநீர்த் தொட்டியையும் முடிச்சுப் போடுவது கடினம். மலத்தில் செய்யும் பி.சி.ஆர். இந்த வகை தேடலைச் சில மணி நேரத்தில் தொடங்கிவைக்கும்.

இந்தச் சோதனைக்கு உரிய இடம் ஆராய்ச்சி. வேலூரில் 373 குழந்தைகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், மலத்தோடு ரத்தத்தையும் பார்த்ததால், பேதி தரும் ரோட்டாவைரஸின் அறிகுறியே இல்லாத தொற்றுகள் இன்னும் கூடுதலாகக் கணக்கில் வந்தன. ஆறு மாத வயதுக்குள் 56 சதவீதக் குழந்தைகளுக்குத் தொற்றியிருந்தது. மலத்தை மட்டும் நம்பியிருந்தால் இந்தக் கணக்கு குறைந்திருக்கும்.

எனவே பேதி பரவும்போது முதலில் வேண்டியது மலமாதிரி. அதுவும் நோய் கண்ட மூன்று நாளுக்குள், ஐஸ் பெட்டியில். சுகாதாரப் பணியாளர் டப்பாவை நீட்டினால் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.