குரங்கு பெடலுக்கு அப்புறம்

தமிழில் சைக்கிளை நடுவில் வைத்து வந்த படங்கள் குறைவு. கமலக்கண்ணன் இயக்கி 2024 மே மாதம் வந்த 'குரங்கு பெடல்' அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்தது. ராசி அழகப்பனின் 'சைக்கிள்' சிறுகதையிலிருந்து எடுத்த படம். 1980களின் ஒரு கோடை விடுமுறை, நம்ம கொங்குப் பக்கத்துக் கிராமம். அப்பா காளி வெங்கட்டுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது, எங்கே போனாலும் நடைதான், ஊரே கிண்டல் செய்கிறது. பையன் வாடகை சைக்கிள் எடுத்துப் பழகுகிறான். படம் எனக்குப் பிடிச்சது. ஆனால் சைக்கிள் பற்றி எடுத்துவரும் குறிப்புகளுக்காக மறுபடி பார்த்தபோது ஒரு கேள்வி வந்தது. ஓட்டப் பழகியாச்சு, சரி. அப்புறம்?

முதலில் படத்தின் பலத்தைச் சொல்லிடறேன். வாடகை சைக்கிள் கடையை இவ்வளவு முக்கியமாக வைத்தது நல்ல வேலை. சொந்தமாக வாங்க முடியாதவருக்கும் மணிக்கணக்கில் ஒரு வண்டி கிடைக்கும். காற்று, பஞ்சர், செயின் எல்லாம் கடைக்காரர் பொறுப்பு. திட்டம், மானியம் எதுவும் இல்லாமல் ஊர் தனக்குத் தானே செய்துகொண்ட போக்குவரத்து ஏற்பாடு அது.

குறை எங்கேன்னா, படம் சைக்கிளைப் பால்யத்துக்குள் பூட்டி வைத்துவிடுகிறது. பார்த்து வெளியே வருகிறவர் "எங்க காலத்துல" என்று ஆரம்பிப்பார், பிறகு பைக்கை ஸ்டார்ட் செய்து வீட்டுக்குப் போவார். சைக்கிள் வேலைக்குப் போகும் வண்டி, சுமை ஏற்றும் வண்டி என்பது நினைவேக்கத்தில் கரைந்துபோகிறது.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது பி. சாய்நாத் புதுக்கோட்டையைப் பற்றி எழுதிய கட்டுரை. 1996-ல் வந்த அவருடைய புத்தகத்தில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாக அந்த மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் பழகினார்கள். கட்டுரை பழகுவதோடு நிற்காது. கல்குவாரியில் வேலை செய்பவர், நர்ஸ், பால்வாடி ஊழியர், டீச்சர் என்று யார் யார் எதற்காக ஓட்டுகிறார்கள் என்று பார்க்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் எவ்வளவு மிச்சம், அந்த நேரத்தில் என்ன வேலை நடக்கிறது என்று கணக்குப் போடுகிறது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிள் ஓட்டிய சில பெண்கள், முன்பக்கக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பினார்கள் என்ற தகவல் அதில் உண்டு. அன்றாடம் ஓட்டுகிறவர்களிடம் கேட்டால்தான் இந்த மாதிரி விஷயம் கிடைக்கும்.

அன்றாடத்தை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், ஆபத்துக் காலத்தில் கைகொடுப்பது அதுதான். 1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை. பெட்ரோல் இல்லை, கரண்ட் இல்லை. சைக்கிளில்தான் விறகு போனது, நோயாளி போனார், பெடலைச் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். 1995 அக்டோபர் கடைசியில் வலிகாமமே பெயர்ந்தபோது கையில் கிடைத்ததைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நடந்தார்கள். இது தடைக்குப் பிறகு கற்றுக்கொண்ட வித்தை இல்லீங்க. அதற்கு முன்பே அது சைக்கிளில் புழங்கிய ஊர். கால் பழகியிருந்தது, சந்திக்குச் சந்தி சைக்கிள் திருத்துகிற ஆள் இருந்தார். 2022-ல் பெட்ரோல் கியூ நீண்டபோது கொழும்பிலும் சைக்கிள் தேடினார்கள். புதிதாக வாங்கப் போனவர்கள் ஏறிய விலையைப் பார்த்தார்கள்.

நம்ம பக்கமே ஒரு உதாரணம் இருக்கு. 2020 ஊரடங்கில் கும்பகோணம் பக்கத்து முதியவர் ஒருவர் புற்றுநோய் கண்ட மனைவியைச் சைக்கிளில் உட்கார வைத்து, நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்து புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுபோனார். பத்திரிகைகள் அதை அன்பின் கதையாக எழுதின. அன்பு சரி. ஆனால் அந்த வயதில் அவ்வளவு தூரம் மிதிக்க, வீட்டில் ஓடுகிற நிலையில் ஒரு சைக்கிளும் அதில் பழகிய காலும் வேண்டாமா? அதை யாரும் எழுதவில்லை என்றால் அடுத்த ஊரடங்குக்கு நமக்குப் பாடம் எதுவும் மிஞ்சாது.

இனி காந்திபுரத்துக்கு வருவோம். மில்லு ஷிப்டுக்குச் சைக்கிளில் போன ஊர் இது. இன்றைக்கு இரண்டு அடுக்கு மேம்பாலத்துக்குக் கீழே நூறடி ரோட்டைச் சைக்கிளில் கடந்து பாருங்க, உங்களுக்கென்று ஒரு அடி இடம் இருக்காது. ஒரு நல்ல மழைக்கு லங்கா கார்னரிலும் கிக்கானி ஸ்கூல் பாலத்துக்கு அடியிலும் தண்ணீர் நின்றுவிடும், பஸ்ஸும் காரும் சுற்றிப் போகும். சைக்கிள்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு சந்துக்குள் புகுந்து போய்விடுவார். அப்படிப் போக இன்னும் எத்தனை பேர் மிச்சம்?

2018-ல் ஓஃபோவின் மஞ்சள் சைக்கிள்கள் கோவைக்கு வந்தன. செல்போனில் பூட்டைத் திறந்து எடுத்துப் போகலாம். அந்த வருஷமே நிறுவனம் இந்தியாவை விட்டுப் போய்விட்டது. படத்தில் வரும் வாடகைக் கடையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்க. கடைக்காரருக்கு வண்டி எடுத்தவரைத் தெரியும், வண்டியைச் சரிசெய்யவும் தெரியும். கம்பெனி போனால் வண்டியும் போச்சு. கடைக்காரர் இருந்தால் பழைய வண்டியும் ஓடும்.

'குரங்கு பெடல்' இந்த இடத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டது என்பதுதான் என் வருத்தம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு வருஷா வருஷம் விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. பள்ளி முடிந்ததும் அதில் பாதி திண்ணையோரம் துருப்பிடித்து நிற்பதை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். ஓட்டத் தெரிந்த பிள்ளை ஏன் இறங்கிவிட்டது? அடுத்து யாராவது சைக்கிள் படம் எடுத்தால் அங்கிருந்து ஆரம்பிக்கட்டும். அதுவரை, வீட்டில் நிற்கிற வண்டிக்கு ஒரு தடவை காற்றடிச்சு வைங்க.