ஒன்பதாம் எண் ஏன் வெளியே வருகிறது?

அறுபத்தைந்தாவது நிமிடம். நான்காவது நடுவர் தூக்கும் பலகையில் சிவப்பில் 9. உடனே கேலரியில் கூச்சல், வர்ணனையில் நக்கல்: ஸ்ட்ரைக்கராக ஆடியவரே ஸ்ட்ரைக்கரை வெளியே எடுக்கிறார், பயந்துவிட்டார்! போர்த்துகீசிய லீகை விடாமல் பார்ப்பவர்களுக்கு, நான் எந்தப் பயிற்சியாளரைச் சொல்கிறேன் என்பது பெயர் போடாமலே புரியும்.

பயமாவது, மண்ணாவது. 1934-ல் தொடங்கிய அந்த லீகில் மூன்று பெரிய கிளப்புகளைத் தவிர வேறொருவர் பட்டம் வென்றது இரண்டே முறை. கடைசியாக 2001-ல். மற்ற கிளப்புகளின் ஒன்பதாம் எண், பெரிய ஆட்டங்களில் பாதிக்கு மேல் பந்தே இல்லாமல்தான் ஓடுகிறார். கோல் அடிப்பது அவருக்கு இரண்டாவது வேலை. எதிரணியின் இரண்டு சென்டர் பேக்குகளுக்கும் முன்னால் நிற்கும் நடுக்கள வீரருக்குப் பந்து போகாமல் மறைப்பதுதான் முதல் வேலை.

பந்து ஒரு சென்டர் பேக்கிடமிருந்து இன்னொருவருக்கு உருளும்போது ஒன்பதாம் எண்ணின் முதல் மூன்று அடிகளைப் பாருங்கள். முதல் பாதியில் வளைந்து ஓடுவார். நடுக்கள வீரர் அவர் முதுகுக்குப் பின்னாலேயே இருப்பார். கால் சோர்ந்ததும் அந்த வளைவு போய்விடும். நேராக ஓடுவார், அல்லது கையை நீட்டிப் பின்னாலிருப்பவரைப் போகச் சொல்வார். அவ்வளவுதான், நடுக்கள வீரர் நிதானமாகப் பந்தை வாங்கித் திரும்புகிறார், மொத்தத் தடுப்பும் பெட்டிக்குள் ஒடுங்குகிறது. கொஞ்ச நேரத்தில் கோல் விழும். திட்டு வாங்குவது பாவம், சென்டர் பேக்.

நம்மாள் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. போர்த்துகீசியப் பயிற்சியாளர் என்றாலே போர்த்தோ பல்கலைக்கழகம், விட்டோர் ஃப்ராடேயின் பயிற்சிக் கோட்பாடு என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இவர் பெரிய அகாடமியில் வளர்ந்து, கடனுக்கு ஊர் ஊராகப் போய், சைப்ரஸில் சில காலம் ஆடி, இரண்டாம் டிவிஷனில் முடித்தவர். கோல் கணக்கைக் காட்டி யாரும் இவரை வாங்கவில்லை, ஓடுவார் என்றுதான் வாங்கினார்கள். "இன்னும் பத்து நிமிஷம் தாங்கும்" என்று விரல்களைக் காட்டும் வீரரை இவர் நம்பாததற்கும் காரணம் அதுதான். அதே விரல்களை இவரும் காட்டியிருக்கிறார்.

மூன்று மாற்று வீரர்கள் மட்டும் என்றிருந்த காலத்தில் இந்தத் துணிச்சல் கட்டுப்படியாகாது. 2020-ல் தற்காலிகமாக வந்த ஐந்து மாற்று, 2022-ல் விதியாகவே நிலைத்துவிட்டது. ஆனாலும் ஆட்டத்தை நிறுத்தி ஆள் மாற்ற மூன்று வாய்ப்புதான். அதில் ஒன்றை இவர் ஒன்பதாம் எண்ணுக்கென்றே ஒதுக்குகிறார். அணி பின்தங்கியிருந்தாலும் இதையே செய்கிறார் என்பதுதான் ரசிகர்களின் பெரிய கோபம். எனக்கோ அங்கேதான் அவரை இன்னும் பிடிக்கிறது. பந்தைப் பிடுங்காமல் கோல் எப்படி வரும்?

எனக்கு ஒரே ஒரு குறை. உள்ளே அனுப்பும் ஆள் பல நேரம் ஓட்டக்காரராக இல்லாமல் பந்து விளையாட்டுக்காரராக இருக்கிறார். பெஞ்சில் இருக்கும் இளம் பையனை நம்பலாம்.

இனி நடக்கப்போவது: ஜனவரி சந்தையில் கிளப் அந்த ஒன்பதாம் எண்ணை விற்கும். சில வாரம் தடுமாறுவார்கள், ஆனாலும் பிளே-ஆஃப் ஆடவேண்டிய 16-வது இடத்துக்கு மேலேயே முடிப்பார்கள். இரண்டு வருடத்துக்குள் அந்த மூன்று பெரிய கிளப்புகளில் ஒன்று இந்தப் பயிற்சியாளரைக் கூப்பிடும். அங்கே ஒன்பதாம் எண்ணின் வேலையே வேறு. நெரிசலான பெட்டிக்குள் நின்று கோல் அடிக்க வேண்டும். அங்கும் அறுபத்தைந்தில் அவரை வெளியே எடுத்தால் கேலரி முழுக்க வெள்ளைக் கைக்குட்டை ஆடும். நம்மாள் மாற மாட்டார். முதல் சீசனைத் தாண்டுவார். இரண்டாவது சீசனின் கிறிஸ்துமஸைத் தாண்ட மாட்டார்.