நெடுஞ்சொல் ஒன்றின் அசையும் பொருளும்

ஆங்கில அகராதிகளில் இடம்பெற்ற சொற்களுள் மிக நீண்டதெனச் சுட்டப்பெறுவது, 45 எழுத்துக்களாலாகிய 'நியூமொனோஅல்ற்றாமைக்கிறஸ்கொப்பிக்சிலிகோவொல்கேனோகோனியோசிஸ்' என்பதாகும். இதனை ஒரே மூச்சிற் சொல்லிவிடுதல் மாணவரிடையே வீரச்செயலாக எண்ணப்படுகின்றது. அசை பிரித்தறிவார்க்கோ இதன்கண் அருமை யாதுமில்லை. நியூ-மொ-னோ-அல்-ற்றா-மை-கிற-ஸ்கொப்-பிக்-சி-லி-கோ-வொல்-கே-னோ-கோ-னி-ஓ-சிஸ் என அசை 19 ஆம். தலையழுத்தம் ஈற்றயலிலுள்ள ஓகாரத்தின்மேல் விழும். முதற்கண் எழுதப்படும் பகரமெய்யைக் கிரேக்கர் ஒலித்தனர். ஆங்கிலரோ எழுத்தில் வைத்து நாவில் விடுத்தனர். மொழிமுதலில் தனிமெய் வாராத தமிழை உடையார்க்கு இது வியப்பன்று.

ஆயினும் அசைவழிப் பிரிப்பு வேறு, பொருள்வழிப் பிரிப்பு வேறு. தூசியைக் குறிக்கும் கிரேக்கப் பகுதியும் நோயைக் குறிக்கும் 'ஓசிஸ்' என்னும் விகுதியும் கூடியே 'கோனியோசிஸ்' ஆயிற்று. 'சிலிக்' என்னும் இலத்தீன் அடியின் ஈற்றுமெய்யையோ நாவானது அடுத்த ஓகாரத்தோடு சேர்த்துக் 'கோ' என்கின்றது. நம் யாப்பிலே சீர்நோக்கிச் சொல்லைப் பிளக்கும் வகையுளியை ஒத்தது இது. 19 துண்டுகளை மனனஞ் செய்விக்கும் ஆசிரியர், நுரையீரல், கடந்தது, நுண்ணோக்கி, சிலிக்கா, எரிமலை, தூசி என்னும் பொருட்பகுதிகளை முன்னர்க் காட்டுவராயின் நா தானே வழிப்படும்.

இனி, சொல்லின் தகுதி நோக்குவாம். இது மருத்துவர் ஆக்கியதன்று. அமெரிக்கப் புதிர்விரும்பிகள் சங்கமொன்றின் தலைவரான எவறெற் சிமித் என்பார் 1935 இல், நீளம் ஒன்றே கருதிப் புனைந்தது. இது குறிக்கும் நோய்க்குச் 'சிலிகோசிஸ்' என நான்கசைப் பெயர் முன்னரே இருந்தது. 'எரிமலை' என்னும் உறுப்போ வெறும் அடைப்புக்கல் மாத்திரமன்று, பொருளைத் திரிப்பதுமாம். இந்நோய் பெரும்பாலும் எரிமலையால் வருவதன்று. கல்லுடைப்போரையும் சுரங்கந் தோண்டுவோரையும் பற்றுவது. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் 1930 இல் தொடங்கிய ஹோக்ஸ் நெஸ்ற் சுரங்கவழி வேலையிலே சிலிக்காத் தூசியைச் சுவாசித்த தொழிலாளர் நூற்றுக்கணக்கில் மாண்டனர். அதுபற்றி அந்நாட்டுக் காங்கிரசுக் குழு 1936 இல் விசாரித்தது. அதற்கு முந்திய ஆண்டிற் பிறந்த இச்சொல்லில் அவர்தம் தொழிலுக்கு ஓரசையும் இல்லை.

வாய்ப்பயிற்சிக்கு நெடுஞ்சொல் வேண்டுவார்க்கு, மருத்துவர் மெய்யாகவே வழங்கும் 'நியூமோகோனியோசிஸ்' உளது. அசை ஆறு, அழுத்தம் அதே ஓகாரத்தின்மேல்.